கீழே போடுவதற்கு ஒரு வண்டி

வாங்கி ஒன்பதாவது நாள் வண்டியைக் கீழே போட்டேன். ஓடும்போது இல்லை, நிற்கும்போது. திருநெல்வேலியை அடுத்த மானூர் பக்கம் ஒரு டீக்கடை வாசலில், தார் ரோடு முடிந்து மண் இறங்குகிற இடத்தில் பிரேக் பிடித்து இடது காலை ஊன்றினேன், நான் எதிர்பார்த்த இடத்தில் தரை இல்லை, நாலு விரற்கடை கீழே இருந்தது. அவ்வளவுதான். வண்டி மெதுவாக, ரொம்ப மரியாதையாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது, நானும் கூடவே உட்கார்ந்தேன். கடையிலிருந்து மூன்று பேர் எழுந்து வருவதற்குள் நானே தூக்கி நிறுத்திவிட்டேன். ஒரு இண்டிகேட்டர் ஒயரில் தொங்கியது, கிளட்ச் லீவர் நுனி வளைந்திருந்தது. மொத்தச் செலவு 220 ரூபாய். டீக்குக் கடைக்காரர் காசு வாங்கவில்லை.

கியர் வண்டி ஓட்டி ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, அதற்குள் என்னிடமே "முதல் வண்டி, செகண்ட் ஹேண்ட்ல எது எடுக்கலாம்" என்று கேட்க ஆள் வந்துவிட்டது. கேட்கிறவர்கள் மைலேஜ் கேட்கிறார்கள், பிக்கப் கேட்கிறார்கள், கலர்கூடக் கேட்கிறார்கள். கீழே விழுந்தால் நான் தனியாகத் தூக்குவேனா, தூக்கின பிறகு எவ்வளவு ஆகும் என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. விழாமல் ஓட்டக் கற்றுக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. அதுவும் வேகத்தில் விழுவதைவிட நிற்கும்போது, திருப்பும்போது, ஸ்டாண்டு சரியாக இறங்காதபோது விழுவதுதான் அதிகம்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். என் வேலை மாடு பார்ப்பது. டாக்டர் எல்லாம் இல்லை, மாட்டு இன்சூரன்ஸுக்காக ஊர் ஊராகப் போய் மாட்டைப் பார்த்து, காதில் மாட்டிய டேக் நம்பரைக் குறித்து, போட்டோ எடுத்து, ஃபாரம் நிரப்புவது. பாளையங்கோட்டையில் வீடு, வேலை எல்லாம் சுற்றுவட்டாரக் கிராமங்களில். ஏழு வருடம் ஸ்கூட்டியில்தான் போனேன். அதன் சக்கரம் 10 அங்குலம். பள்ளம் வந்தால் சக்கரம் முழுசாக உள்ளே இறங்கி, முதுகெலும்பில் ஒரு செய்தி சொல்லிவிட்டுத்தான் மேலே வரும். 18 அங்குலச் சக்கரம் அதே பள்ளத்தை லேசாக மிதித்துவிட்டுப் போய்விடும். முதுகு வலிக்கு மருந்து வாங்கிய காசை ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கியர் வண்டி என்று முடிவு செய்தேன்.

அப்புறம்தான் தெரிந்தது, என் லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் செல்லும் என்று. கியர் வண்டியைச் சேர்க்க மறுபடியும் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட்டு, 30 நாள் கழித்து, கியர் வண்டியில் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், அவசரம் இல்லை. பல பேர் வண்டியை முதலில் வாங்கிவிட்டு லைசென்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது லைசென்ஸைத்தான். நான் அந்தத் துறையில்தான் சோறு தின்கிறேன், நம்புங்கள்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் ஆளுக்கு ஒரு வண்டி சொன்னார்கள். சித்தி மகன் புல்லட் என்றான். ஆபீஸில் ஒருவர் யமஹா ஆர்.எக்ஸ்.100 என்றார், சொல்லும்போதே அவர் கண் மூடிக்கொண்டது. அந்த வண்டி 1985-லிருந்து 1996 வரைதான் வந்தது. கடைசியாக வந்த வண்டிக்கே இன்று வயது முப்பதைத் தொடுகிறது. 15 வருடப் பதிவு எப்போதோ முடிந்து, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டு ஓடுவது. டூ ஸ்ட்ரோக், பெட்ரோலோடு ஆயிலும் ஊற்றவேண்டும், ஒரிஜினல் பார்ட்ஸுக்கு அலையவேண்டும். வைத்திருப்பவர்களுக்கு அது வண்டி இல்லை, குலதெய்வம். எனக்குக் காலை ஏழு மணிக்குக் கிளம்பி மாடு பார்க்கப் போகவேண்டும், படையல் வைக்க நேரம் இல்லை.

புல்லட் விஷயம் வேறு. சித்தி மகனின் வண்டியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்தால் அருமையாகத்தான் இருக்கிறது, ராணி மாதிரி. பிரச்சினை இறங்கிய பிறகு. எங்கள் தெரு ஆறடி அகலம், வீட்டு வாசலில் ஒரு சரிவு, அந்தச் சரிவில் வண்டியைப் பின்னால் தள்ளி, ஒடித்து, வெளியே எடுக்கவேண்டும். 190 கிலோவுக்கு மேல் எடை உள்ள வண்டியை நான் தள்ளிய அழகைப் பார்த்து எதிர்வீட்டு ஆச்சி வாசலைத் தெளிப்பதை நிறுத்திவிட்டு வந்து பிடித்தாள். ஸ்ப்ளெண்டர் 112 கிலோ சுமார். 150 சிசி வண்டிகள் பெரும்பாலும் 140-க்குப் பக்கத்தில். ஓடும்போது இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, என்ஜினை ஆஃப் பண்ணினால் தெரியும்.

அதனால் எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் நான் மூன்று வேலை செய்தேன். நியூட்ரலில் போட்டுப் பத்தடி பின்னால் தள்ளினேன். சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுத்தேன். உட்கார்ந்து இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிகிறதா பார்த்தேன். புதிதாக ஓட்டுகிறவருக்கு ஓட்டிப் பார்த்து வண்டியின் குறையைக் கண்டுபிடிக்கத் தெரியாது, எனக்குத் தெரியவில்லை, வண்டி திமிறினால் அது வண்டியின் குற்றமா என் குற்றமா என்றே புரியாது. ஓட்டிப் பார்க்கிற வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டேன். எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒரு வண்டிக்கு 300 ரூபாயும் டீயும் வாங்கிக்கொண்டு கூட வந்தார். அந்த 300 ரூபாய்தான் இந்த மொத்த விவகாரத்தில் நான் செய்த நல்ல செலவு.

முதலில் பார்த்தது பைபாஸில் ஒரு கன்சல்டிங், பழைய வண்டி வாங்கி விற்கிற கடை. இருபது வண்டி வரிசையாக, எல்லாம் பளபளவென்று. சந்தையில் மாட்டின் கொம்பைச் சீவி எண்ணெய் தடவி நிறுத்தியிருப்பார்களே, அதே பளபளப்பு. ஒரு 125 வண்டி, 2021 மாடல், விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு. தள்ளிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அண்ணாச்சி வண்டியைச் சுற்றி வந்தார், சீட்டைக் கழற்றச் சொன்னார், குனிந்து மோந்து பார்த்தார். மோந்து! பிறகு ஹெட்லைட் கண்ணாடிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே கீழ்ப்பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு, காபி டம்ளரில் அடி தங்கியது மாதிரி. வண்டல்.

"ஆத்துல குளிச்ச வண்டி தாயி. வா போவோம்."

2023 டிசம்பர் 17, 18 எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி ஆறு திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து நின்றது, தெருவில் நிறுத்திய வண்டிகள் எல்லாம் முழுகிப் போயின. அந்த வண்டிகள் எங்கே போயின? கொஞ்சம் ஒழுங்காக ரிப்பேர் ஆகி உரியவரிடமே ஓடுகின்றன. மிச்சம் கை மாறிக்கொண்டிருக்கின்றன. சென்னைக்காரர்களுக்கு 2015 வெள்ளத்திலிருந்தே இது பழக்கம். முழுகிய வண்டியைக் கழுவிப் பெயிண்ட் அடித்துவிடலாம், ஆனால் சீட்டு ஸ்பாஞ்சின் வாடை போகாது, ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கும், டேங்குக்கு அடியில் கைவிட்டால் துரு பொடிப்பொடியாக வரும், ஏர் ஃபில்டர் பெட்டி மூலையில் மண் இருக்கும். ஆயில் மூடியைத் திறந்து பார்க்கும்போது ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் என்ஜினுக்குள் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த) வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும், பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை, சென்சாரும் கம்ப்யூட்டரும்தான், அதில் ஈரம் ஏறினால் தெருமுனை மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது வண்டி பெருமாள்புரத்தில், "சிங்கிள் ஓனர், ஆபீஸ் போய்ட்டு வர்ற வண்டி". காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லி ஏழேகாலுக்கே போய் நின்றோம், ஆனாலும் என்ஜினில் கை வைத்தால் சூடு. ஆறிப்போன என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும், சூடாக்கி வைத்துவிட்டால் எந்த நோஞ்சான் வண்டியும் ஒரே கிக்கில் எடுக்கும். மீட்டர் 19,000 கிலோமீட்டர் காட்டியது. ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கியர் லீவர் ரப்பர், ஹேண்டில் கிரிப் மூன்றும் வழுக்கை. கேபிளைக் கழற்றிவிட்டால் மீட்டர் நின்றுவிடும், ரப்பர் தேய்வது நிற்காது. மாட்டுக்காரர் வயதைக் குறைத்து நாலு பல்லு என்பார், வாயைத் திறந்தால் கடை சேர்ந்திருக்கும், அதாவது எல்லாப் பல்லும் முளைத்திருக்கும், அந்தக் கதைதான். மூன்றாவது வண்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, முன் ஃபோர்க்கில் ஆயில் வழிந்தது, ஹேண்டில் ஒரு பக்கம் இழுத்தது, எங்கேயோ நன்றாக அடி வாங்கியிருக்கிறது. விற்றவர் பாவம், அவரும் ஏமாந்துதான் வாங்கியிருந்தார்.

நாலாவது வீரவநல்லூர் பக்கம் ஒரு கிராமத்தில். ஒரு மாட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும், எந்த ஆப்பிலும் போடவில்லை. 2018 ஸ்ப்ளெண்டர், கறுப்பில் சிவப்புக் கோடு. உடைமைக்காரர் நாதஸ்வரம் வாசிப்பவர், வயது அறுபத்தைந்து இருக்கும். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து இரவில் எதிர் வெளிச்சம் கூசுகிறதாம், முகூர்த்தத்துக்கு விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்புகிற தொழில், பிள்ளைகள் சாவியைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். வண்டியின் இடது பக்கம், சாரி கார்டுக்கு மேலே, வளைத்து வெல்டு வைத்த ஒரு கம்பி. நாதஸ்வரப் பையைக் கட்டுவதற்கு. அந்த நீளப் பை அதில் சரியாகப் படுக்கிற மாதிரி, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார்.

நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார். "பின் டயர் இந்த மழைக்காலம் தாங்காது. ரெண்டாவது கியர்ல ஒரு முனகல் உண்டும், அது வாங்குனதுல இருந்தே. டேப்பட் அடிக்கடி சுருதி வெலகும், அத மட்டும் பாத்துக்கிடணும்." டேப்பட் என்றால் என்ஜின் வால்வைத் தள்ளுகிற பாகம், அதன் இடைவெளி விலகினால் என்ஜின் சத்தம் மாறும். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வண்டியின் குறையை விற்கிறவரே சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

அதற்காக அண்ணாச்சி சும்மா விடவில்லை. என்ஜின் பச்சைத்தண்ணீர் மாதிரி ஆறிக்கிடந்தது, சோக் இழுத்து இரண்டாவது கிக்கில் பிடித்தது. சைலன்ஸரில் வெள்ளைப் புகையோ நீலப் புகையோ இல்லை, நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, செலவு பெரிசு. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்னைப் பின்னால் உட்காரச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்கினார், ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் தள்ளினார். நடுவில் லேசாக ஒரு இடத்தில் "டக்" என்று உட்கார்ந்தது. கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்து பேரிங், போய்விட்டது என்று அர்த்தம், மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை, ஆனால் விலையில் குறைக்கலாம். பிறகு செயின் கவரின் அடியில் இருக்கும் ரப்பர் மூடியைப் பிடுங்கி என் விரலை உள்ளே விடச் சொன்னார். செயின் மேலும் கீழும் இரண்டு விரற்கடைக்கு மேல் ஆடியது. கவரைக் கழற்றினார்.

"மாட்டுக்கு வாயத் தொறந்து பல்லப் பாக்கேல்லா, இதுக்கும் பாரு."

பின் ஸ்ப்ராக்கெட்டின், அதாவது செயின் மாட்டும் பல்சக்கரத்தின் பற்கள். நல்ல பல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிந்து மேலே மழுங்கலாக இருக்குமாம். இதில் ஒவ்வொரு பல்லும் ஒரே பக்கமாகத் தேய்ந்து கருக்கரிவாளின் பல் மாதிரி கூராகச் சாய்ந்திருந்தது. விரலால் தடவினால் ஒரு திசையில் வழுக்கியது, திருப்பித் தடவினால் குத்தியது. இந்த நிலையில் செயினை மட்டும் மாற்றினால் புதுச் செயினையும் அது தின்றுவிடும், முன்னால் பின்னால் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் செயினும் செட்டாக மாற்றவேண்டும். டயரையும் பார்த்தோம். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். பட்டை நன்றாகத் தெரிந்தாலும் ஏழெட்டு வருட டயர் பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும், ஈர ரோட்டில் பிடிக்காது.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் உள்ள எல்லாப் புது வண்டிக்கும் ஏ.பி.எஸ். (பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு) கட்டாயம், அதற்குக் கீழே என்றால் குறைந்தது இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடாவது இருக்கவேண்டும். நான் வாங்கியது 2018, இரண்டும் கிடையாது. பட்ஜெட் கொஞ்சம் நீளும் என்றால் 2019 ஏப்ரலுக்குப் பிறகான வண்டியாகப் பாருங்கள், பதற்றத்தில் ஒரு பிரேக்கை மட்டும் இறுக்குவது புதியவர்களின் பழக்கம். எனக்கு நீளவில்லை.

காகிதம். வண்டி பார்க்கப் போகுமுன்பே எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டேன், பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் எதுவரை, ஃபைனான்ஸ் நிற்கிறதா எல்லாம் வரும். இ-சலான் தளத்தில் அபராத பாக்கியும் தெரியும். அதோடு நிறுத்தாமல் வண்டியின் கழுத்தில் அடித்திருக்கும் சேஸ் நம்பரை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். இது என் தொழில் புத்தி. டேக் இல்லாத மாட்டுக்கு க்ளெய்ம் இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்லி அழ வைத்திருக்கிறேன், நம்பர் ஒத்துப்போகாத வண்டியை எப்படி வாங்குவேன்? லோன் போட்டு வாங்கிய வண்டி என்றால், லோன் முடிந்தால் மட்டும் போதாது, ஆர்.சி.யிலிருந்து எச்.பி. (வண்டி கடன் கொடுத்தவரிடம் ஈடாக இருக்கிறது என்ற குறிப்பு) நீக்கியிருக்கவேண்டும், அதற்கு ஃபாரம் 35-ம் பேங்க் கடிதமும். வேறு மாநிலப் பதிவு என்றால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கேளுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு ஃபாரம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் கன்சல்டிங்காரர்கள் தேதி போடாத ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, வண்டி மூன்று கை மாறிய பிறகும் ஆர்.சி.யில் முதல் ஆள் பெயரே நிற்கும். 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது, வண்டியை விற்றுவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று. இதை நாதஸ்வரக்காரரிடம் சொன்னேன். அவர் அன்றைக்கே என்னோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரத் தயாராகிவிட்டார், வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு. இன்சூரன்ஸையும் என் பெயருக்கு 14 நாளுக்குள் மாற்ற எழுதிக்கொடுத்தேன். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) நமக்கு வராது, அது ஆளோடு போவது, வண்டியோடு இல்லை.

விலை 40 ஆயிரம் சொன்னார். சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள், எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. செயின் செட், டயர், கோன் செட் என்று காகிதத்தில் எழுதிக் கூட்டி நீட்டினேன். பார்த்துவிட்டு, "36 குடுங்கம்மா, அந்தக் கம்பிய மட்டும் அறுத்துராதிய" என்றார். மூன்று சாமானும் கூலியும் சேர்த்து 4,900 ரூபாய் ஆனது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் தனி.

ஓட்டக் கற்றுக்கொண்ட கதை இன்னொரு நாளைக்கு. இந்த வண்டியில் நாலு கியரையும் முன்னால் மிதித்துப் போடவேண்டும், அண்ணாச்சி எனக்குச் சொல்லிக்கொடுத்த வண்டியில் ஒன்று கீழே, மற்றது மேலே. முதல் பத்து நாள் என் காலுக்கும் மூளைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்த நாட்களில்தான் டீக்கடை வாசலில் படுத்தது. அப்புறம் இன்னும் இரண்டு தடவை, ஒன்று எங்கள் வாசல் சரிவிலேயே, ஆச்சி பார்க்கப் பார்க்க. மூன்று தடவையும் யார் கையும் படாமல் தூக்கினேன். ஒரு தடவை விழுந்தபோது தரையில் முதலில் பட்டது அந்தக் கம்பிதான், டேங்கில் கீறல்கூட இல்லை. அதில் இப்போது என் டேக் பையும் குடையும் தொங்குகின்றன.

போன தை மாதம் வீரவநல்லூர் பக்கம் ஒரு மாடு பார்க்கப் போயிருந்தேன். கோயில் முன்னால் பந்தலில் மேளக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நாதஸ்வரக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு இலையில் உட்கார்ந்திருந்தார். நான் வண்டியை ஆஃப் பண்ணக்கூட இல்லை.

"டேப்பட் பாக்கலையோம்மா?" என்றார், திரும்பாமலே.